சபதம், உண்ணாவிரதம், துப்பாக்கி: அகாலி அரசியலின் நூறு ஆண்டுகள்

2024 டிசம்பர் 4 அன்று காலை, அமிர்தசரஸ் பொற்கோயிலின் வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். நீல உடை, கையில் ஈட்டி, கழுத்தில் தொங்கும் பலகை. கால் முறிவு இருந்ததால் சக்கர நாற்காலி. அவர் பஞ்சாபின் முன்னாள் துணை முதலமைச்சர் சுக்பீர் சிங் பாதல். கூட்டத்திலிருந்து மெதுவாக நடந்து வந்த ஒரு முதியவர் சட்டென்று கைத்துப்பாக்கியை எடுத்தார். பக்கத்தில் நின்ற சாதாரண உடைக் காவலர் பாய்ந்து அவர் கையைப் பிடித்து விலக்க, குண்டு குறி தவறியது. சுட்டவர் நரைன் சிங் சௌரா, பழைய தீவிரவாதக் குழுக்களோடு தொடர்புடையவர்.

முன்னாள் துணை முதலமைச்சர் ஏன் வாசல் காவலுக்கு உட்கார்ந்தார்? இரண்டு நாள் முன்பு சீக்கியர்களின் உயர்ந்த சமய பீடமான அகால் தக்த் அவருக்கு விதித்த தண்டனை அது. 2007 முதல் 2017 வரை நடந்த அவரது அகாலி தளக் கட்சி ஆட்சியின் தவறுகளுக்காக அவர் கழிவறை கழுவ வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும், வாசலில் காவல் நிற்க வேண்டும். சீக்கியர்களின் புனித நூல் அவமதிக்கப்பட்ட வழக்குகளில் நியாயம் கிடைக்கவில்லை என்பதும், தேரா சச்சா சௌதா என்ற தனிச் சமயப் பிரிவின் தலைவருக்கு 2015இல் மன்னிப்பு வாங்கிக் கொடுத்தார் என்பதும் முக்கியக் குற்றச்சாட்டுகள்.

நம் ஊரில் இதை வினோதச் செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்தவர்கள் உண்டு. ஆனால் இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் பஞ்சாபின் கடந்த நூறு ஆண்டு அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

பொற்கோயிலுக்கு நேர் எதிரே நிற்கும் கட்டடம் அகால் தக்த். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறாவது குரு ஹர்கோவிந்த் அமைத்தது. கோயிலில் பாட்டும் பிரார்த்தனையும் நடக்கும். இங்கே சமூகத்தின் வழக்குகளும் போராட்ட முடிவுகளும். பஞ்சாபையே ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங்கையும் இங்கே வரவழைத்து, புளியமரத்தில் கட்டிக் கசையடி கொடுக்கத் தீர்ப்பளித்தார்கள் என்று சீக்கியர்கள் இன்றும் சொல்வார்கள். இந்த இடத்தில் அர்தாஸ் என்ற பிரார்த்தனை செய்து ஒருவர் ஏற்கும் சபதம் கடவுளிடம் சொன்ன சொல். கட்சித் தீர்மானத்தைப் போல அதை நாளைக்கே மாற்றிக்கொள்ள முடியாது. தில்லியில் இருந்தவர்களோ, முதலில் ஆங்கிலேயரும் பிறகு நம் அரசுகளும், இதை வழக்கமான பேரமாகவே பார்த்தார்கள். பஞ்சாபில் துப்பாக்கி பலமுறை நுழைந்தது இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான்.

கதை 1920இல் தொடங்குகிறது. குருத்வாராக்கள் அப்போது மகந்துகள் என்ற பரம்பரை நிர்வாகிகளின் கையில் இருந்தன. கோயில் நிலத்தைச் சொந்தச் சொத்தாக அனுபவித்த பலருக்கு ஆங்கிலேய ஆட்சியின் ஆதரவும் இருந்தது. அவர்களிடமிருந்து குருத்வாராக்களை மீட்க அந்த ஆண்டு நவம்பரில் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியும், டிசம்பரில் அதன் தொண்டர் படையாக அகாலி தளமும் உருவாயின. 1921 பிப்ரவரியில் குரு நானக் பிறந்த நன்கானா சாகிபுக்குள் அமைதியாகச் சென்ற அகாலிகளை மகந்து நரைன் தாஸின் ஆட்கள் சுட்டும் வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில், அரசு பிடுங்கி வைத்திருந்த பொற்கோயில் கருவூலச் சாவிகளைத் திருப்பித் தர நேர்ந்தபோது, இந்திய விடுதலையின் முதல் தீர்மானகரமான போரில் வென்றுவிட்டீர்கள் என்று காந்தி வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

குரு கா பாகில் நடந்ததைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். அமிர்தசரஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள சிறிய குருத்வாரா அது. 1922 ஆகஸ்டில் ஐந்து அகாலிகள் பக்கத்து நிலத்தில் கருவேல மரம் வெட்டினார்கள், லங்கர் என்ற பொதுச் சமையலின் அடுப்புக்கு விறகு வேண்டும் என்று. நிலம் தன்னுடையது என்று மகந்து சொல்ல, திருட்டு வழக்குப் போட்டு ஆறு மாதம் சிறை கொடுத்தது அரசு. பிறகு நாள்தோறும் ஒரு ஜத்தா, அதாவது தொண்டர் கூட்டம், அகால் தக்த் முன்னால் சபதம் எடுத்துக்கொண்டு கிளம்பியது. கையாலோ வாயாலோ திருப்பித் தாக்க மாட்டோம் என்பதே சபதம். கறுப்புத் தலைப்பாகையோடு நடந்து வந்து போலீஸ் வரிசைக்கு முன்னால் கைகூப்பி நின்றார்கள். பித்தளைப் பூண் போட்ட தடியால் போலீஸ் அடித்தது. விழுந்தவர் எழுந்தார், கைகூப்பி நின்றார், மறுபடி அடி விழுந்தது.

காந்தியின் நண்பரான பாதிரியார் சி. எஃப். ஆண்ட்ரூஸ் செப்டம்பர் 12 அன்று இதை நேரில் பார்த்தார். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தடியின் முனையால் ஒரு சீக்கியரின் காறை எலும்பருகே குத்தியதையும், அவர் உருண்டு விழுந்து மெல்ல எழுந்து அதே இடத்தில் நின்றதையும் எழுதி வைத்தார். அடி வாங்கியவர்களில் பலர் முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த கை கூப்பியபடி நின்றது. ஆண்ட்ரூஸ் ஆளுநரைச் சந்தித்து முறையிட, மறுநாளோடு அடி நின்றது. கைது மட்டும் நவம்பர் வரை தொடர்ந்து 5,605 பேரை எட்டியது. கைதான முன்னாள் ராணுவத்தினரை ஏற்றிப்போன ரயிலை நிறுத்திச் சாப்பாடு கொடுக்க, அக்டோபர் 30 அன்று ஹசன் அப்தாலில் பர்தாப் சிங்கும் கரம் சிங்கும் தண்டவாளத்தில் உட்கார்ந்து உயிரை விட்டார்கள். கடைசியில் சர் கங்கா ராம் அந்த நிலத்தை மகந்துவிடமிருந்து குத்தகைக்கு எடுத்து அகாலிகளிடம் விட, விறகுப் பிரச்சினை முடிந்தது. அரசு தோற்றதாகக் காட்டிக்கொள்ளாமல் தோற்றது.

அடுத்தது நாபா சமஸ்தானத்து ஊரான ஜைதோ. நாபா மகாராஜா ரிபுதமன் சிங்கை ஆங்கிலேயர் பதவியிலிருந்து இறக்கியதை எதிர்த்து 1923இல் தொடங்கிய போராட்டம். பார்க்கப்போன ஜவாஹர்லால் நேருவைப் பிடித்து, இன்னொருவரோடு சேர்த்து ஒரே விலங்கில் பூட்டித் தெருவில் நடத்திப்போனார்கள். அந்த இன்னொருவர் லாகூரில் குடியேறிய தமிழரான கே. சந்தானம். 1924இல் அகாலிகள் தெற்கே வந்து வைக்கம் சத்தியாகிரகிகளுக்கு லங்கர் அடுப்பும் போட்டார்கள். வெளியார் சமைத்துப்போட வேண்டாம் என்று காந்தி தடுத்தது வேறு கதை. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜைதோ நோக்கி வந்த 500 பேர் ஜத்தா மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 30,000 பேர் சிறை சென்றார்கள், சுமார் 400 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1925இல் குருத்வாரா சட்டம் வந்தது. கோயில் நிர்வாகத்தைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் உரிமை, பெண்களுக்கும் வாக்கு. நூற்றாண்டு ஆனபிறகும் அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறது.

எல்லோரும் கைகூப்பி நிற்கவில்லை. நன்கானா படுகொலைக்குப் பிறகு, ராணுவ ஹவில்தாராக இருந்த கிஷன் சிங் கர்கஜ் போன்றவர்கள் அகிம்சையில் நம்பிக்கை இழந்து பப்பர் அகாலிகள் ஆனார்கள். ஜலந்தர், ஹோஷியார்பூர் பகுதிக் கிராமங்களில் அரசுக்கு உளவு சொன்னவர்களைச் சுட்டார்கள், ரகசியமாகப் பத்திரிகை அச்சிட்டார்கள். அகாலித் தலைமை அவர்களிடமிருந்து விலகியே நின்றது. 1926 பிப்ரவரி 27 அன்று லாகூரில் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைப் பற்றி அடுத்த மாதமே ஒரு கட்டுரை எழுதிய 18 வயது இளைஞர் பகத் சிங். பப்பர்கள் பரவாமல் போனதற்குப் போலீஸ் கெடுபிடி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எதிர்ப்பக்கத்தில் சபதம் பலன் தந்தது என்று நினைக்கிறேன். மோர்ச்சா, அதாவது திரள் போராட்டம், ஜெயித்தது, சட்டம் கிடைத்தது. துப்பாக்கிக்கு ஆள் சேரவில்லை.

விடுதலைக்குப் பிறகு கோரிக்கை மொழிவாரி மாநிலமானது. சென்னையில் 58 நாள் உண்ணாவிரதம் இருந்து பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் இறந்ததும் ஆந்திரம் பிறந்தது. பஞ்சாபிக்கு மட்டும் 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் கதவைச் சாத்தியது. மொழி என்ற பெயரில் கேட்பது சீக்கியப் பெரும்பான்மை மாநிலம் என்பது நேருவின் சந்தேகம். வீட்டில் பஞ்சாபி பேசிய இந்துக்களில் பலர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி இந்தி என்று எழுதிக் கொடுத்ததால் சந்தேகம் இன்னும் இறுகியது.

இந்தப் போராட்டத்தின் முகம் மாஸ்டர் தாரா சிங். பள்ளி ஆசிரியராக இருந்ததால் ஒட்டிக்கொண்ட ‘மாஸ்டர்’. 1961 ஆகஸ்ட் 15 அன்று அகால் தக்தில் சபதம் செய்து சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 48ஆம் நாள், பஞ்சாபி மாநிலம் கிடைக்காமலேயே, ஒரு விசாரணை ஆணையம் அமைப்பதாக அரசு சொன்னதைக் கொண்டு முடித்துக்கொண்டார். 76 வயதுக்காரர், பிழைத்தாரே என்று நாம் நினைப்போம். சீக்கியர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் அகால் தக்தில் கூடிய ஐவர் குழு அவர் சபதத்தை முறித்தார் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நாள் பக்தர்களின் காலணிகளைத் துடைத்து, லங்கரில் பாத்திரம் தேய்த்தார் அந்த மூத்த தலைவர். தண்டனையைப் பணிவாக ஏற்றார். தலைமையை மட்டும் மீட்க முடியவில்லை. அடுத்த ஆண்டே அது சந்த் ஃபதே சிங்கிடம் போனது.

1965 போருக்குப் பிறகு தில்லி மனம் மாறி, 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாபி மாநிலம் பிறந்தது. குறையாகப் பிறந்தது. சண்டிகர் ஒன்றியப் பிரதேசமாகி பஞ்சாப், ஹரியாணா என்ற இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராயிற்று. பக்ரா அணையும் நதிநீர்ப் பங்கீடும் மத்திய அரசின் கைக்குப் போயின. ஃபதே சிங் உண்ணாவிரதம் இருந்தார், பலிக்காவிட்டால் தீக்குளிப்பேன் என்றார், அதற்கான மேடைகூடத் தயாரானது. கடைசி நேரத்தில் மக்களவைத் தலைவர் ஹுகம் சிங் கொண்டுவந்த வாக்குறுதியை நம்பி நிறுத்திக்கொண்டார். வாக்குறுதி காற்றோடு போனது.

அப்போதுதான் தர்ஷன் சிங் ஃபெருமான் வந்தார். காந்தி காலத்துச் சிறைவாசி, முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர், பிறகு ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் சேர்ந்தவர். தலைவர்கள் சபதத்தை முறித்துச் சமூகத்துக்குக் களங்கம் சேர்த்துவிட்டார்கள், அதைத் துடைக்க ஒருவராவது சொன்ன சொல்படி சாக வேண்டும் என்றார். 1969 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கி, 74ஆம் நாளான அக்டோபர் 27 அன்று உயிர் துறந்தார். அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. அதன்பிறகு ஃபதே சிங் மீண்டும் உண்ணாவிரதம் அறிவிக்க, 1970 ஜனவரியில் இந்திரா காந்தி சண்டிகரைப் பஞ்சாபுக்குத் தருவதாகவும் பதிலுக்கு அபோஹர், ஃபாசில்கா பகுதிகள் ஹரியாணாவுக்கு என்றும் அறிவித்தார். அறிவிப்போடு நின்றது. ஃபெருமானின் பெயர் பஞ்சாபுக்கு வெளியே எவருக்கும் தெரியாமல் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது.

1973இல் அகாலிகள் அனந்தபூர் சாகிப் தீர்மானத்தை எழுதினார்கள். பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு, நாணயம் போன்றவை மத்திய அரசுக்கு, மீதியெல்லாம் மாநிலத்துக்கு என்பது அதன் மையம். தமிழ்நாட்டில் இராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்து, 1974இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட காலம். இரண்டும் ஒரே திசையில் பேசின. ஆனால் சீக்கியச் சமூகத்தின் தனித்தன்மையையும் சேர்த்துப் பேசிய பஞ்சாப் தீர்மானத்தைப் பிற்பாடு பிரிவினை ஆவணம் என்று முத்திரை குத்துவது எளிதாக இருந்தது. நெருக்கடி நிலையை எதிர்த்து 1975 ஜூலையிலிருந்து கடைசிவரை விடாமல் சிறை நிரப்பியவர்கள் அகாலிகள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

1982 ஏப்ரல் 8 அன்று கபூரி கிராமத்தில் சட்லெஜ்–யமுனை இணைப்புக் கால்வாய்க்கு இந்திரா காந்தி மண்வெட்டி போட்டார். பஞ்சாபின் தண்ணீர் ஹரியாணாவுக்குப் போகும் கால்வாய். அகாலிகள் மறியல் தொடங்கினார்கள், ஆகஸ்டில் அது தர்ம யுத்த மோர்ச்சா ஆனது. தலைவர் சந்த் ஹர்சந்த் சிங் லோங்கோவால், மெல்லப் பேசும் மனிதர். பழைய முறைதான்: சபதம், ஜத்தா, கைது. சில மாதங்களில் சிறைகள் நிரம்பி வழிந்தன. இந்த முறை, போராட்டம் நடத்தப்பட்ட அதே பொற்கோயில் வளாகத்தில் இன்னொருவரும் இருந்தார்.

ஜர்னைல் சிங் பிந்த்ரன்வாலே 1977இல் தம்தமி தக்சால் என்ற சமயப் பள்ளியின் தலைவரானவர். 1978 வைசாகித் திருநாளன்று நிரங்காரிகள் என்ற பிரிவினருடன் நடந்த மோதலில் 13 சீக்கியர்கள் இறந்ததும், குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிறகு விடுதலையானதும் அவரை வளர்த்தன. அகாலிகளைப் பலவீனப்படுத்தக் காங்கிரஸார் சிலர் தொடக்கத்தில் அவருக்குக் கைகொடுத்தார்கள் என்பது அக்காலப் பத்திரிகையாளர்கள் பலர் பதிவு செய்தது. அகாலித் தலைவர்களின் முறிந்த சபதங்களின் பட்டியல் அவருக்கு நல்ல ஆயுதம். அனந்தபூர் தீர்மானத்தில் ஒரு எழுத்துகூடக் குறையக் கூடாது என்று அவர் நின்றபோது, இறங்கி வர நினைத்த லோங்கோவால் மறுபடியும் சொல் தவறப் போகிறவராகத் தெரிந்தார். தில்லியோடு பேச்சுவார்த்தை பலமுறை கனிந்து வந்து கடைசி நொடியில் கைவிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் லோங்கோவால் வெறுங்கையோடு திரும்பினார், வளாகத்தில் துப்பாக்கிகள் பெருகின.

அந்தத் துப்பாக்கிகளுக்கு நான் எந்த நியாயமும் சொல்ல மாட்டேன். 1983 ஏப்ரலில் டிஐஜி அட்வால் பொற்கோயிலில் வழிபட்டு வெளியே வந்தபோது வாசலிலேயே சுடப்பட்டார். அக்டோபரில் தில்வான் அருகே பேருந்தை நிறுத்தி, இந்துக்களைப் பிரித்தெடுத்து ஆறு பேரைக் கொன்றார்கள். குரு கா பாகில் அடிபட்டு எழுந்து நின்ற மரபை அவமதித்த செயல்கள் இவை. டிசம்பரில் பிந்த்ரன்வாலே அகால் தக்துக்குள்ளேயே குடியேறினார். 1971 வங்கதேசப் போரில் முக்தி வாகினிக்குப் பயிற்சி தந்த ஜெனரல் ஷாபேக் சிங் அதை அரணாக்கினார். 1984 ஜூன் முதல் வாரம் ராணுவம் நுழைந்தது, டாங்கிக் குண்டுகளில் அகால் தக்த் சிதைந்தது. ராணுவத்தில் 83 பேர், மற்றவர்களில் 493 பேர் இறந்ததாக அரசு கணக்குச் சொன்னது. சிக்கிக்கொண்ட யாத்திரிகர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை மிக அதிகம் என்பது சீக்கியர்களின் வாதம். அக்டோபர் 31 அன்று இந்திரா கொல்லப்பட்டார். அடுத்த மூன்று நான்கு நாள்களில் தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள், அதுவும் அரசின் கணக்கு.

இத்தனைக்கும் பிறகு 1985 ஜூலை 24 அன்று ராஜீவ் காந்தியோடு லோங்கோவால் ஒப்பந்தம் போட்டார். 1986 ஜனவரி 26 அன்று சண்டிகர் பஞ்சாபுக்கு, நதிநீருக்குத் தீர்ப்பாயம், அனந்தபூர் தீர்மானம் மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையத்தின் பார்வைக்கு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 20 அன்று ஷேர்பூர் குருத்வாராவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது அடுத்த மாதத் தேர்தலில் தெரிந்தது: 117 தொகுதிகளில் அகாலி தளத்துக்கு 73. சுர்ஜித் சிங் பர்னாலா முதலமைச்சரானார். துப்பாக்கி தோற்க இதைவிட நல்ல வாய்ப்பு வந்ததில்லை.

ஜனவரி 26 வந்தது, சண்டிகர் வரவில்லை. பதிலுக்கு ஹரியாணாவுக்குக் கொடுக்க வேண்டிய பகுதியை அடைய, வழியில் கந்துகேரா என்ற ஒரே ஒரு கிராமம் இந்தி பேசுவதாக இருக்க வேண்டும். வீடு வீடாக மொழிக் கணக்கு எடுத்தார்கள். கிராமம் பஞ்சாபி பேசியது. இதற்கென அமைத்த ஆணையம் கைவிரித்தது, தில்லி தள்ளிப்போட்டது. ஒப்பந்தத்துக்காகத் தன் தலைவரையே இழந்த கட்சியிடம், ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி நாள் கடத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே நாளில் பொற்கோயிலில் கூடிய சர்பத் கால்சா என்ற சீக்கியப் பொதுப்பேரவையில் தீவிரவாதிகளின் கை ஓங்கியது. ஏப்ரல் 29 அன்று ஒரு குழு காலிஸ்தான் என்ற தனி நாட்டை அறிவித்தது. மறுநாள் பர்னாலா போலீஸைக் கோயிலுக்குள் அனுப்பினார், கட்சி உடைந்தது. அதற்குப் பரிகாரமாகப் பதவியில் இருக்கும்போதே அவர் பக்தர்களின் காலணி துடைத்தார். கட்சிகளைக் கலைக்கச் சொன்ன அகால் தக்த் ஆணையை மீறியதற்காகச் சமயத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, 1988இல் திரும்பி வந்து கழுத்தில் பலகையோடு கம்பத்தில் கட்டப்பட்டு நின்றார். இவரைத் தமிழர்களுக்குத் தெரியும். 1991 ஜனவரியில் தமிழக ஆளுநராக, தி.மு.க. அரசைக் கலைக்க அறிக்கை தர மறுத்து, பீகாருக்கு மாற்றப்பட்டதும் பதவி விலகியவர். தன் சொந்த அரசு 1987இல் கலைக்கப்பட்டதைப் பார்த்தவரின் மறுப்பு அது.

பிறகு வந்த ஆண்டுகள் இருட்டு. பேருந்துப் படுகொலைகள், போலி மோதல்கள், காணாமல் போனவர்கள். சுமார் 20,000 உயிர்கள் என்பார்கள். அடையாளம் தெரியாத பிணங்கள் என்று எரிக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தேடி எடுத்த ஜஸ்வந்த் சிங் கால்ரா 1995 செப்டம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார், அந்த வழக்கில் போலீஸாரே தண்டனை பெற்றார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் முதலமைச்சர் பியாந்த் சிங் குண்டுவெடிப்பில் இறந்திருந்தார்.

அகாலி தளம் இன்று சரிந்து கிடக்கிறது. 2022 சட்டமன்றத் தேர்தலில் மூன்று இடம், 2024 மக்களவையில் ஒன்று. அதே மக்களவைத் தேர்தலில் திப்ருகர் சிறையில் இருந்தபடி கடூர் சாகிபில் தீவிரச் சீக்கியப் பிரச்சாரகர் அம்ரித்பால் சிங் வென்றார். ஃபரீத்கோட்டில் வென்றவர் இந்திராவைச் சுட்ட மெய்க்காவலர் பியாந்த் சிங்கின் மகன் (முதலமைச்சர் பியாந்த் சிங் வேறு ஒருவர்). இவர்களுக்கு விழுந்த வாக்கெல்லாம் காலிஸ்தானுக்கு விழுந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போதைப்பொருள், புனித நூல் அவமதிப்பு, தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே வராத கைதிகள் என்று கோபத்துக்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. அந்தக் கோபத்தை ஜத்தாவாக்கிச் சபதத்தில் கட்டிப்போடும் பெரிய கட்சி இப்போது இல்லை. அதுதான் என் கவலை. பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு ஜக்ஜித் சிங் தல்லேவால் 2024 நவம்பர் 26 முதல் அடுத்த ஏப்ரல் 6 வரை, பெரும்பாலும் பஞ்சாப்–ஹரியாணா எல்லையில் உள்ள கனௌரியில், உண்ணாவிரதம் இருந்து, சட்டம் கிடைக்காமலேயே முடித்தார். சட்லெஜ்–யமுனைக் கால்வாயின் பஞ்சாப் பகுதி இன்னும் முடியவில்லை. சண்டிகர் இன்னும் ஒன்றியப் பிரதேசம்தான்.